மெழுகுவர்த்தி அணையவில்லை என்றவள்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் இளைப்பு வந்தது. எழுபதுகளின் கடைசி அது. அந்த ஆடியில் எங்கள் ஊர் கம்பத்தில் காற்றும் சாரலும் விடவே இல்லை. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். என் வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

எங்களுக்குச் சாக்குக் கடை. ஊசி போட்டு மூச்சு சீரானதும் டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டுக்குள்ள சாக்கு வச்சிருக்கீங்களா?" என்றுதான். பின்கட்டு முழுக்கச் சாக்குதான் இருந்தது. மறுநாளே எல்லாம் சரக்கு வைக்க வாடகைக்குப் பிடித்த கிட்டங்கிக்குப் போயிற்று. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தால், சாக்குத் தூசி போகக் கிணற்றடியில் குளித்து வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான்.

அடுத்த முறை போனபோது டாக்டர் என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்.

"வர்றப்ப பாத்துக்கலாம்னு விடுற சீக்கு இல்ல இது. தினமும் பாக்கணும். நீதான் பாக்கணும், உங்கம்மா இல்ல."

மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு சாண் தள்ளி அவளை உட்கார வைத்தார். உதட்டைக் குவிக்கக் கூடாது, வாயை ஆவென்று திறந்தபடி ஒரே மூச்சில் ஊத வேண்டும். அணைந்தால் அன்றைக்கு ஓடலாம், ஆடலாம். சுடர் ஆடிவிட்டு நின்றால் மாத்திரை போட்டுக்கொண்டு அடக்கமாக இருக்க வேண்டும். அசையவே இல்லையென்றால் நேரே அவரிடம் வந்துவிட வேண்டும்.

முதலில் கொஞ்ச நாள் நான் பக்கத்தில் நின்றேன். பிறகு அவளே ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதிப் பார்த்துக்கொண்டாள். அடுப்படிக்குள் இருக்கும் எனக்கு "அணைஞ்சிருச்சு" என்றோ "ஆடுது" என்றோ குரல் மட்டும் வரும். ராத்திரி இருமி முழித்தாளா, பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறும்போது இரைத்ததா என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். இளைப்பு வருவதற்கு முதல் நாளே கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு இறுக்கம் வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். "அம்மா, நெஞ்சு கட்டுது, நாளைக்கு வரும்" என்பாள். பெரும்பாலும் வரும்.

ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்காரரின் அக்கா ஜெயமங்கலத்திலிருந்து வந்திருந்தார். விடிந்ததும் பிள்ளை ஊதுவதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"ஏத்தா, பொம்பளப்பிள்ள வெளக்க வாயால ஊதி அணைக்கலாமா? பொண்ணு கேட்டு வர்றவுக காதுல விழுந்தா என்னாகும்? எளப்புக்காரின்னு சொல்லிட்டுப் போயிருவாக."

"டாக்டர் சொன்னாக மதினி..." என்று நான் இழுத்தேன். அதற்குள் மகளே வந்துவிட்டாள்.

"அத்தை, இது சாமி வெளக்கு இல்ல. எனக்கு மூச்சு எம்புட்டு இருக்குன்னு பாக்குறேன். பொண்ணு கேட்டு வந்தா நானே அவுககிட்ட சொல்லிருவேன். நீங்க யாரும் மறைக்க வேணாம்."

"வாயப் பாரு இவளுக்கு" என்றார் மதினி. ஊருக்குக் கிளம்பும் வரை அவர் முகம் தெளியவில்லை. ஆனால் மகள் சொன்னபடி பின்னாளில் செய்தாள். முதலில் வந்தவர்கள் கேட்டதும் எழுந்து போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள்தான் இன்று எங்கள் சம்பந்திகள்.

பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் சேர்ந்தாள். அணைகிற நாட்களில் ஓடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே அவள் வளைந்து வளைந்து ஓடினால் பிடிப்பது கஷ்டம். இறுதிப் போட்டி தேனியில் நடப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்திருந்தார்கள். அந்தத் தூசியிலேயே நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தாள்.

போட்டியன்று காலையில் நான் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தேன். சடையை மடித்துக் கட்டி, விளையாட்டு உடுப்போடு வந்து நின்றாள்.

"அம்மா, ஆடுது. அணையல."

"இன்னொரு தடவ ஊதிப் பாரேன்."

"பாத்துட்டேம்மா. மறுபடியும் அப்படித்தான்."

உதட்டைக் கொஞ்சம் குவித்திருந்தால் அணைந்திருக்கும். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வீட்டிலேயே இரு என்றேன். "வர்றேன்னு சொல்லிருக்கேன்ல. ஓடத்தான் மாட்டேன்" என்றாள். துணைக்கு நானும் போனேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் டிரில் டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், எனக்கு இளைப்பு இருக்கு, உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு மூச்சு சரியில்ல. வேற ஆளப் போடுங்க."

"நேத்து நல்லாத்தான இருந்த?" என்றாள் ஒருத்தி. டீச்சர் அவள் முதுகில் கைவைத்து மூச்சைக் கவனித்தார். பிறகு சின்ன வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுத் தயாராகச் சொன்னார்.

சொற்பப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். யாரும் இவளைத் திட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் உட்காரவும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அப்போது ராயப்பன்பட்டி அம்மா ஒருவர், ஒல்லியாக ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் மகளும் சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டத்தில் ஆட வந்திருந்தாள்.

"உங்க மகளுக்கு மூச்சு சரியில்லன்னு அங்கன பேசிக்கிட்டாக. இவனுக்கும் அதேதாம்மா. நாங்க வெளிய சொல்றதில்ல."

மகள் கையைக் கழுவிவிட்டு அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராத்திரி முழிப்பு வருதா, எந்த வேலை செய்தால் இரைக்குது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதுவரை வாயைத் திறக்காத பையன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். தன் உள்ளங்கையை நீட்டி அதில் ஊதச் சொன்னாள். "உதட்டக் குவிக்காத. அப்படி ஊதினா நம்மள நாமே ஏமாத்துறதுதான்" என்றாள். பிறகு அந்த அம்மாவிடம், "மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க. அவுக மருந்து குடுத்தப்புறம் தினமும் மெழுகுவர்த்திய ஏத்தி ஊதிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். எங்கள் அணிப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி நின்று கேட்டார்கள். டிரில் டீச்சரும் நின்றார். அன்று கோப்பையோடு போன அணியின் தாய்மார்களை நான் பொறாமையோடு பார்க்கவில்லை.

மறு வருஷம் அதே மைதானத்தில் அவள் ஓடினாள், ஜெயித்தார்கள். கூட்டத்தில் சத்தம் போட்டே பழகாத நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முன்பின் தெரியாத ஒரு வாழைக்காய் வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தா, கம்பியப் பிடிச்சு நிக்குதுல்ல, அது எம் பிள்ள."