தண்ணீர் டியூட்டி

நான் துபாயில் ஆண் நர்ஸ். போன வருடம் ஒட்டகப் பந்தயம் ஒன்றில், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களைக் கவனிக்கும் டியூட்டி எனக்கு. கொளுத்தும் வெயிலில் ஒவ்வொருவரிடமும் போய், “பாய், தண்ணி குடிச்சீங்களா?” என்று இந்தியில் கேட்டு, பட்டியலில் டிக் போட்டேன். ஹசன் என்ற போலீஸ்காரர், “அப்புறம் குடிக்கிறேன்” என்றார். நான் விடுவேனா? எதிரிலேயே நின்று குடிக்க வைத்தேன்.

அடுத்தவரிடம் போவதற்குள் எனக்குக் கண் இருட்டியது. காலையிலிருந்து நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை!

விழித்தால், முதலுதவிக் கூடாரத்தில், போலீஸ்காரர்களுக்காகக் கொண்டுபோன ஸ்ட்ரெச்சரில் நான். பக்கத்தில் ஹசன், என் பட்டியலைப் பிடித்தபடி கேட்கிறார்: “பாய், தண்ணி குடிச்சீங்களா?”

கூடாரமே சிரித்தது, நானும்தான். பாட்டில் காலியாகும்வரை அவர் நகரவில்லை.

இப்போதெல்லாம் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஹசன் டியூட்டியில் இருந்தால், அதற்கு டிக் போடுவது அவர்தான்.