முதல் வளைவில் விழுந்தவன்

அப்ஹாம் விழுந்ததைக் காத்தான்குடியில் பார்க்காதவர் குறைவு. அன்று பிற்பகல் கடைத்தெருவில் பாதிப் பேர் அந்த வெளிநாட்டு ஓட்டத்தைப் போனில் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். எட்டுப் பேர் சின்னச் சக்கரச் சைக்கிள்களில் மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கினார்கள். முதல் வளைவில் புழுதி எழும்பியது. அது அடங்கியபோது இலங்கைச் சட்டை போட்ட ஒருவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், இன்னொருவன் மண்ணில் கிடந்தான். போனவன் நௌஷாட். கிடந்தவன் அப்ஹாம். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அப்ஹாமுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அலுமினிய ஜன்னல் பொருத்தும் கடையொன்றில் வேலை. வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்து நாளாயிற்று. இருந்த ஒரே வீட்டை ஊர் வழமைப்படி அக்கா அஸீமாவுக்குக் கலியாணத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. அவளை அப்ஹாம் ராத்தா என்று கூப்பிடுவான். அவளைக் கட்டி அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான் நௌஷாட். உம்மாவும் அப்ஹாமும் பின்னறையில் இருந்தார்கள்.

நௌஷாட் கத்தாரில் பீஎம்எக்ஸ் என்னும் மண்மேட்டுச் சைக்கிள் ஓட்டத் திடல் ஒன்றில் மண்வேலை செய்தவன். மேடு கட்டக் கற்றவன், வேலை முடிந்த பிறகு அந்த மேடுகளில் ஓடவும் கற்றுக்கொண்டான். ஊருக்குத் திரும்பும்போது பழைய சைக்கிள் இரண்டைக் கொண்டுவந்தான். கியர் இல்லை, ஒரே ஒரு பிரேக், இருக்கை பேருக்குத்தான். பெருநாள் சைக்கிள் ஓட்டங்களில் யாரையும் முன்னால் விடாத அப்ஹாம் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“சிரிக்காத. ஏறிப் பாரு. ஒரு மேட்டுல உன்ன உதறிப் போட்டிரும்” என்றான் நௌஷாட்.

உதறித்தான் போட்டது. அன்றிலிருந்து அப்ஹாமுக்கு வேறு நினைப்பில்லை.

நாவற்குடாவில் வாவிக்கரையோரம் கனகசிங்கம் என்பவருக்கு ஒரு தரிசுக் காணி இருந்தது. செங்கல்லுக்கு மண் எடுத்துக் குழியும் குன்றுமாய்க் கிடந்த அந்தக் காணியில் மச்சான்மார் இருவரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மேடு கட்டினார்கள், வளைவு கட்டினார்கள். மாரியில் வாவி ஏறிவந்து பாதியைக் கரைத்துக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி கட்டுவார்கள். கனகசிங்கத்தின் மகன் சுதாகரன் கரையில் நின்று போனில் படம் பிடிப்பான், நேரம் பார்ப்பான்.

இரண்டாம் வருடத்திலேயே அப்ஹாம் நௌஷாட்டை முந்திவிட்டான். நௌஷாட் அதைச் சிரித்துக்கொண்டுதான் ஏற்றான், அல்லது அப்ஹாமுக்கு அப்படித்தான் பட்டது. “என்ட மச்சினனுக்குக் காலில என்ஜின் இரிக்கி” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஆசிய நாடுகள் கூடும் அந்தப் பெரிய விளையாட்டு விழாவுக்கு நாட்டிலிருந்து இரண்டு பேரை எடுத்தபோது, இரண்டு பேரும் இவர்களாகவே இருந்தார்கள். அஸீமா தெருவுக்கே வட்டிலப்பம் கொடுத்தாள்.

அரையிறுதியில் இருவருக்கும் ஒரே ஓட்டம் விழுந்தது. எட்டுப் பேரில் முதல் நான்கு பேர் இறுதிக்குப் போகலாம். காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் நௌஷாட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் விரலால் கோடு போட்டான்.

“கேட் விழுந்து ஓட்டம் தொடங்கினதும் நீ என்னை விட முந்திப் போவாய். முதல் வளைவுல உள்பக்கத்தப் பூட்டாத. எனக்குத் திறந்து விடு. நான் உள்ளால வந்து உனக்குப் பக்கத்தில நிண்டா பின்னால வாறவனுக்கு வழி இல்ல. மூணும் நாலும் நமக்கு.”

“சரி மச்சான்.”

அவ்வளவுதான். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? வாவிக்கரையில் எத்தனையோ தடவை தோள் உரசி ஓடியவர்கள்.

அப்ஹாம் சொன்னபடியே செய்தான். மேட்டிலிருந்து இறங்கி, முதல் பாய்ச்சலைத் தாண்டி, மூன்றாவதாக வளைவுக்குள் நுழைந்தான். உள்பக்கத்தைத் திறந்துவிட்டான். நௌஷாட்டின் மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்டது. அடுத்த கணம் முன்சக்கரத்தில் ஏதோ குறுக்கே வந்தது. வளைவின் உச்சிக்கு எறியப்பட்டவன், பின்னால் வந்த வேறு நாட்டுக்காரன் ஒருவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

நௌஷாட் நாலாவதாக முடித்தான்.

விழுந்த மற்றவனின் அணி உடனே முறைப்பாடு செய்தது. நடுவர் வருவதற்கு முன் நௌஷாட் மருத்துவக் கூடாரத்துக்கு ஓடிவந்தான். அப்ஹாமின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“வேணுமெண்டு செய்யல்ல மச்சான். அல்லாஹ் மேல ஆணை, சைக்கிள் என்ட கையில நிக்கல்ல. இப்ப நடுவர் வருவார். உன்ட சக்கரம் வழுக்கினது எண்டு சொல்லிரு. இல்லாட்டி என்னையும் வெளியே போட்டிருவாங்க. ரெண்டு பேரில ஒராளாவது ஓடோணும்.”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அப்ஹாம் அவன் தலையைத் தடவிக்கொடுத்தான். “அழாதீங்க மச்சான். சொல்லுறன்.”

நடுவர் வந்தார். அப்ஹாம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தன் முன்சக்கரம்தான் வழுக்கியது, யாரும் இடிக்கவில்லை என்றான். முறைப்பாடு தள்ளுபடியானது. நௌஷாட் இறுதி ஓட்டம் ஓடி எட்டாவதாக வந்தான்.

ஊரில் வரவேற்பு அமர்க்களமாக நடந்தது. இறுதிவரை போனவன் என்று நௌஷாட்டின் படம் போட்ட பதாகைகள் பிரதான வீதி முழுவதும் தொங்கின. திறந்த வாகனத்தில் அவனுக்கு மாலை. பக்கத்தில் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அப்ஹாம். கூட்ட மேடையில் நௌஷாட் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“என்ட மச்சினன் கெட்டிக்காரன்தான். ஆனா சின்னப் பொடியன். அவ்வளவு சனத்தக் கண்டதும் கை நடுங்கிட்டு. வளைவுல சக்கரத்த விட்டுட்டான். நடுவரிட்ட அவனே சொன்னவன். நான் ஒரு மாதிரி அவனச் சுத்தி வெட்டிக்கொண்டு போனன்.”

சனம் சிரித்தது, கை தட்டியது. பெண்கள் பக்கத்தில் அஸீமாவும் தட்டினாள். அப்ஹாமின் காது சுட்டது. நாலு பேருக்கு முன்னால் பேசும்போது கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

சில கிழமைக்குப் பிறகு சுதாகரன் வீட்டுக்கு வந்தான். நெடுநேரம் வேறு கதையெல்லாம் பேசினான். பிறகு போனை எடுத்தான்.

“வளைவுக்கு எதிர்ப்பக்கம் நிண்ட ஆரோ எடுத்துப் போட்டிருக்காங்க. மெதுவா ஓடுது. பாக்காம விட்டாலும் நல்லம்தான்.”

அப்ஹாம் பார்த்தான். நௌஷாட் உள்ளே வருகிறான். தலையைத் திருப்பி அப்ஹாமின் முன்சக்கரத்தைப் பார்க்கிறான். பார்த்த பிறகுதான் முழங்கை விரிகிறது, ஹாண்டில் அப்ஹாமின் பக்கம் திரும்புகிறது.

“திருப்பிப் போடு” என்றான் அப்ஹாம். மறுபடி அந்தத் தலை திரும்பியது. மூன்றாம் முறை போட சுதாகரனுக்கு மனம் வரவில்லை.

நௌஷாட் முற்றத்தில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்ஹாம் போய் முன்னால் நின்றான்.

“நீ என்னத் திரும்பிப் பாத்தாய்.”

மச்சானை அவன் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நௌஷாட் குழாயை மூடினான். மறுக்கவில்லை.

“உனக்கு இன்னும் வயசு கிடக்கு. அடுத்தது ஓடலாம், அதுக்கடுத்ததும் ஓடலாம். எனக்கு இதுதான் கடைசி. நீ விழாம ஓடியிருந்தா நான் அஞ்சாவது. அது உனக்கும் தெரியும்.”

“கேட்டிருந்தா நானே விட்டுத் தந்திருப்பனே!”

“விட்டுத் தந்தத வச்சு ஊருல என்னத்தச் சொல்லுற?” நௌஷாட் குரலைத் தணித்தான். “இஞ்ச பாரு, நடுவரிட்ட சொன்னது நீ. இப்ப மாத்திச் சொன்னா ஆர் நம்புவான்? பொறாமை எண்டுதான் சொல்லுவாங்க.”

கதவடியில் அஸீமா நின்றாள். அப்ஹாம் அவள் பக்கம் திரும்பினான்.

“கேட்டியா ராத்தா?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “எனக்குத் தெரியும். நீ விழுந்த அண்டே போன்ல சொல்லி அழுதவர்.”

“தெரிஞ்சுமா அங்க இருந்து கை தட்டினாய்?”

“அவருக்குப் பயிற்சியாளர் வேல பேசுறாங்க தம்பி. அது கிடைக்காட்டி திரும்பக் கத்தாருக்குத்தான். ரெண்டு புள்ளையோட நான் தனியக் கிடந்தது போதும். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளு.”

நௌஷாட் செய்ததைக்கூட விளங்கிக்கொள்ளலாம், அவன் வந்த மாப்பிள்ளை. ராத்தா அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள். அவன் தோள் உடைந்து கிடந்தபோது, உடைத்தவனுக்காகக் கை தட்டியிருக்கிறாள்.

சைக்கிள் ஓட்டச் சங்கத்து அதிகாரியிடம் அப்ஹாம் போய் நடந்ததைச் சொன்னான். படத்தையும் காட்டினான். அவர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்கதானே வழுக்கினது எண்டு சொன்னீங்க? அண்டு சொன்னது பொய்யா, இண்டு சொல்லுறது பொய்யா?” என்றார். ஊரிலும் நௌஷாட் சொன்ன அந்தச் சொல்தான் சுற்றியது: பொறாமை. நௌஷாட்டுக்கு வேலை கிடைத்தது.

அப்ஹாம் ஏறாவூருக்குப் போனான். அங்கே ஒரு கடையில் அதே ஜன்னல் வேலை, மேலே ஓர் அறை. எலும்பு பொருந்தியதும் தனியாக ஓடிப் பழகினான். அடுத்த தேசியத் தெரிவில் முதலாவதாக வந்தான். அணியோடு போகும் பயிற்சியாளராக நௌஷாட்டின் பெயர் வந்தது. அப்ஹாம் தன் பெயரை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டான். அஸீமா தொலைபேசியில் அழுதாள். “பழசெல்லாம் மறப்பம் எண்டு அவர் சொல்லுறார்” என்றாள்.

“மறக்கிறதுக்கு அவருக்கு என்ன இரிக்கி ராத்தா?” என்று கேட்டுவிட்டு வைத்தான். தலைக்கனம் பிடித்தவன் என்றார்கள் ஊரில்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உம்மா பஸ் ஏறி ஏறாவூருக்கு வந்தாள். கொண்டுவந்த சோற்றை வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்திருந்தாள்.

“மனே, உண்மையா அவன் இடிச்சவனா?”

இத்தனை நாளும் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. எல்லாரும் சொன்னார்கள், அல்லது சிரித்தார்கள்.

“ஓம் உம்மா.”

“கேக்கப் பயந்து கிடந்தனான்” என்றாள் உம்மா. “கேட்டா அந்த வீட்டில எப்படி இருக்கிற எண்டு.”

ஒரு கிழமை அவனோடு இருந்தாள். பிறகு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று அஸீமா கூப்பிட, திரும்பிப் போனாள். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நௌஷாட் சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வாள். அதற்கு மேல் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.