ராகு காலத்தில் ஓர் இன்டர்வியூ

1. நல்லதுக்குத்தான்

"மேடம், ஒரு சின்ன காரியம் பண்ணிட்டேன். நல்லதுக்குத்தான் பண்ணேன்."

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. இந்த வேலையில் நான் பயப்படும் வாக்கியம் இதுதான். சொல்கிறவர் எப்போதும் ஒரு அப்பாவாகத்தான் இருப்பார். இந்த முறை சண்முகவேல். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வருஷக்கணக்கில் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். மகள் கோமதி பன்னிரண்டாம் வகுப்பு, என்னிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் கெட்டிக்காரி.

"என்ன சார் பண்ணீங்க?"

"சனிக்கிழம காலைல ஒம்பது மணிக்குல்லா அந்த காலேஜ் ஆன்லைன் இன்டர்வியூ போட்ருக்காங்க. அது ராகு காலம் மேடம். வேற டைம் தாங்கன்னு இன்டர்வியூ எடுக்கிற அந்தம்மாவுக்கு ஒரு மெயில் போட்டுட்டேன்."

"உங்க பேர்லயா?"

"கோமதி பேர்லதான். அவ மெயில் என் போன்லதான கெடக்கு."

வாசித்துக் காட்டச் சொன்னேன். 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடிந்தது. பதினேழு வயசுப் பெண் எழுதியதென்று ஒரு சின்னக் குழந்தைகூட நம்பாது. நடுவில் ராகு காலம் என்றால் என்ன, அதில் நல்ல காரியம் ஏன் தொடங்கக்கூடாது என்று ஒரு பத்தி முழுக்க விளக்கம் வேறு.

பதிலும் வந்திருந்தது. "அன்புள்ள கோமதி, மன்னிக்கவும், எனக்கு வேறு நேரம் இல்லை. ஆனால் நீ எழுதியிருப்பது சுவாரஸ்யமாக இருக்கிறது. இன்டர்வியூவில் இதைப் பற்றி உன்னிடமே கேட்க ஆவலாக இருக்கிறேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

2. 'நாங்க' என்று பேசும் அப்பாக்கள்

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்ஸே, ரெகமண்டேஷன் லெட்டர், டிரான்ஸ்கிரிப்ட், டெட்லைன் எல்லாம் ஒரு சீசனில் பழகிவிடும். பழகாதது பெற்றோர்தான். முதல் நாள் ஒரு பெரிய ஃபைலோடு வருவார்கள். எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியிலிருந்து கராத்தே பெல்ட் வரை எல்லாச் சான்றிதழும் லேமினேட் செய்து வரிசையாக இருக்கும். பிள்ளையைப் பார்த்து, "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் அப்பா பதில் சொல்வார். "நாங்க எஸ்ஸே முடிச்சிட்டோம் மேடம்", "எங்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்" என்பார்கள். பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில அப்பாக்களைப் பார்த்தால் இவர்களையே ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். தான் படிக்காத படிப்பு, தான் பார்க்காத ஊர், தனக்குத் தெரியாத முறை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடிவதில்லை.

சண்முகவேல் கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்சி. அமெரிக்காவில் சேர்ந்த பிறகுகூடப் பாடத்தை முடிவு செய்யலாம், இப்போதைக்கு விண்ணப்பத்தில் 'முடிவாகவில்லை' என்று போடலாம் என்று நான் சொன்னபோது, "சும்மா போட்டு வைங்க, நமக்குத் தெரியும்லா" என்று சிரித்தார். கோமதி அன்றும் மின்விசிறியைத்தான் பார்த்தாள்.

அவள் விண்ணப்பித்திருந்த கல்லூரிகளில் இந்த ஒன்றுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வது. அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். மற்றவற்றில் சீட் கிடைத்தாலும் அவர்களால் போக முடியாது. இது எங்கள் மூவருக்குமே தெரியும். அதனால்தான் அந்த மெயில் எனக்கு அத்தனை எரிச்சலைக் கொடுத்தது.

மறுநாள் கோமதியை வரவழைத்து மெயில் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவும் கூடவே வந்திருந்தார்.

"நாந்தான் எழுதுனேன்னு சொல்லிருட்டி. ஒரே ஒரு பொய்தான," என்றார் மகளிடம்.

"அப்போ ராகு காலத்த நம்புறியான்னு கேப்பாங்கப்பா."

"நம்புறேன்னு சொல்லு."

"ஏன்னு கேப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். என்ன பதில் சொல்வதென்று நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுத்த பதில் என்பது திரையில் பார்க்கிறவருக்கு அப்படியே தெரிந்துவிடும். "நீ யோசிச்சு வை, உனக்கு எது சரியோ அதச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். என்ன யோசித்தாள் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

3. எந்த ஊர் ராகு காலம்?

எங்கள் அலுவலகம் அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில். குவார்ட்டர்ஸில் அந்த வாரம் நெட் சரியில்லை என்பதால் இன்டர்வியூவை இங்கேயே வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை நான் போனபோது அப்பாவும் மகளும் எனக்கு முன்பே கீழே நின்றிருந்தார்கள். ஜெராக்ஸ் கடை தாஸ் அவர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பொண்ணு ஜாலியா கீது, உன் மூஞ்சிதான் இப்டி தொங்கிகினு கீது?"

"ராகு காலம் வருதுல்லா தம்பி."

"அந்தம்மா கீற ஊர்ல இப்போ நைட்டுன்றாங்களே. எந்த ஊரு ராகு காலம் சார் கணக்கு?"

சண்முகவேல் இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். "பிள்ளை எங்க இருக்கோ, அந்த ஊருதான்."

"அப்ப ஒம்போதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணிடு. எங்கூட்ல அப்டித்தான். ராகு காலத்துக்கு முன்னால வாசல் தாண்டிட்டா கணக்குல வராது."

அதையும் அவர் யோசித்திருந்தார். மேலே வந்ததும் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, மகளை இன்டர்வியூ லிங்க்கை அப்போதே அமுக்க வைத்தார். 'காத்திருக்கவும்' என்று திரையில் வந்தது. "தொடங்கியாச்சு. இனி எப்ப வந்தா என்ன," என்றார். முதல் முறையாக முகம் தெளிந்தது.

அறைக்குள் தானும் உட்காருவேன் என்றார். முடியாது என்றேன். ஓரமா, கேமராவில் படாம? முடியாது. ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு வெளியே என்னோடு உட்கார ஒப்புக்கொண்டார். நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. உள்ளே இருமினால் வெளியே கேட்கும்.

4. தடுப்புக்கு இந்தப் பக்கம்

அந்த அம்மா நேரத்துக்கு வந்துவிட்டார். வயதான குரல், அவசரமில்லாத பேச்சு. பேச்செல்லாம் ஆங்கிலம்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

பள்ளி, வீடு, ஊர் என்று கொஞ்சம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "உன் மெயிலை ரசித்துப் படித்தேன். நாம் இப்போது பேசிக்கொண்டிருப்பது அந்தக் கெட்ட நேரத்தில்தானே? உனக்குப் பயமாக இல்லையா?"

சண்முகவேல் என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மெயிலை நான் எழுதவில்லை," என்றாள் கோமதி. "என் அப்பா எழுதினார். எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. அவருக்கு உண்டு."

போச்சு என்று அவர் முனகினார்.

"அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கிறாயா?"

"இல்லை. என் பெயரில் எழுதியது தப்பு, அதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்குக் கெட்டது நடக்கக் கூடாதென்றுதான் எழுதினார். இன்று கூட ஒன்பது மணிக்கு முன்பே லிங்க்கை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். அவர் கணக்கில் நாம் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டோம்."

அந்த அம்மா சிரித்தார். வாய்விட்டு, நன்றாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்பா சொல்வதையெல்லாம் செய்துவிடுவாயா?"

"லிங்க்கை அமுக்குவதில் எனக்கு நஷ்டமில்லை. செய்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படி என்கிறார். அதைச் செய்ய மாட்டேன்."

எனக்கே இது புதுச் செய்தி. பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வேறு என்ன படிக்க ஆசை?"

அதற்குப் பிறகு கோமதி பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை. கொரட்டூர் ஏரியைத் தினமும் ரயிலில் கடக்கிறாளாம். மழைக்கு முன்னால் ஒரு நிறம், மழை முடிந்ததும் ஒரு நிறம், கோடையில் இன்னொன்று. ஏன் என்று பார்க்கப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்து பாத்ரூம் ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறாளாம். அடியில் படிகிற வண்டல் ஒவ்வொன்றிலும் வேறு வேறாம். ஊருக்கு நடுவில் இருக்கிற ஏரி எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்று படிக்க வேண்டுமாம். இடையில் அந்த அம்மா பேசியது இரண்டு மூன்று கேள்விதான். மற்றதெல்லாம் இவள்.

5. கேள்வி

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்து நான் நடுவில் புகத் தயாரானேன். ஆனால் அவர் திட்டவில்லை.

"அந்த பாட்டிலெல்லாம் ஸ்கூல் பிராஜக்ட்டுன்னுலா நெனச்சேன். எத்தன தடவ ஒங்கம்மா தூக்கிப் போடப் போனா. என்ன படிக்கப் போறேன்னு முன்னப்பின்ன தெரியாத பொம்பளகிட்டதான் மொதல்ல சொல்லணுமாட்டி?"

கோமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பதில் சொன்னாள்.

"அவங்கதானப்பா கேட்டாங்க."

இருவரையும் தனியே விடலாம் என்றால் அந்தச் சின்ன இடத்தில் நான் ஒதுங்க வேறு மூலையுமில்லை. சண்முகவேல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "இரு," என்றார். "அடியில வண்டல் வேற வேறயா இருக்குன்னியே, அது எப்படி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். இருபது வருஷமாகப் பொருளைக் கையில் வாங்கிக் குறை பார்க்கிற மனுஷர் இல்லையா, கேள்வி கேட்கத் தொடங்கியதும் நிறுத்தவே இல்லை. நான் அலுவலகத்தைப் பூட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சாவியை ஆட்டிக் காட்டினேன். இருவருமே கவனிக்கவில்லை.

கோமதிக்கு அந்தக் கல்லூரியில் இடமும் முழு உதவியும் கிடைத்தன. அது அந்தப் பதிலால்தானா, மார்க்கினாலா, அந்த வருஷம் அவர்களுக்கு வேண்டியிருந்த பிள்ளை அவள் என்பதாலா, எனக்குத் தெரியாது. காரணம் தெரியும் என்று சொல்கிற கன்சல்டன்ட் யாரையும் நம்பாதீர்கள்.

நான் கற்றுக்கொண்டது வேறு. இப்போது புதிதாக ஒரு குடும்பம் வந்தால் ஃபைலைத் திறக்க விடுவதில்லை. "சார், உங்க பிள்ளையப் பத்தி உங்களுக்குத் தெரியாத ஒண்ண அவங்ககிட்டயே இப்பக் கேளுங்க. பதில் முடியற வரைக்கும் பேசாதீங்க," என்கிறேன். பாதி அப்பாக்கள் கேட்ட கையோடு தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். நான் மறுபடி கேட்கச் சொல்கிறேன். மூன்றாவது தடவைக்கு மேல் எப்படியும் அடங்கிவிடுவார்கள். அப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பி, இவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று அப்பாவின் முகத்தைப் பார்க்கும். விண்ணப்பம் அங்கேதான் தொடங்குகிறது.