மட்டாஞ்சேரியில் திருத்திய ஓர் 'இல்லை'

காலை 5.40. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு நாற்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். என் மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் என் தங்கை பார்வதியின் இங்கிலாந்து விசா விண்ணப்பம், மூலை மடங்காமல். முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். நான் கை வைத்த பத்திரம் திரும்பி வராது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் நானும் ஒருவன்.

பார்வதி கொச்சியில், மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே மகள் ரம்யா இங்கிலாந்தில் நர்ஸ். இன்னும் நான்கு வாரத்தில் பிரசவம். பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும் என்று பெண் ஆசைப்படுகிறாள். மறுநாள் காலை பத்து மணிக்கு எர்ணாகுளத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். அதற்குத் துணை எதற்கு என்று கேட்பீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தால் பார்வதிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை.

அவள்மேல் எனக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. பத்து வருடத்துக்கு முன் அவள் கல்ஃபில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது, இங்கே அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். தகவல் சொல்லியும் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வந்து இறங்கினாள். "காசு கண்ணை மறைச்சிருச்சு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன் நான். அவள் பதில் பேசவில்லை. பிறகு சமாதானமாகிவிட்டோம், ஆனாலும் அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

பாலக்காட்டில் ரயில் பிடித்து எர்ணாகுளத்தில் இறங்கியபோது மணி 10.50. படகுத்துறையில் ஆறு ரூபாய்ச் சீட்டு. பலகைகளெல்லாம் மலையாளத்தில் இருக்க, யாரையும் கேட்காமல் கூட்டம் ஏறிய படகில் நானும் ஏறினேன். அது வைப்பினுக்குப் போய் நின்றது. "ஃபோர்ட் கொச்சி அக்கரெ" என்று படகுக்காரர் எதிர்க்கரையைக் காட்டிச் சிரித்தார். வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் இன்னொரு படகில் வாயை மூடிக்கொண்டு அக்கரை சேர்ந்தேன். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய்.

மதியம் 12.30. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மத்திக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய காகிதங்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தேன். பார்வதி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, கணவரின் இறப்புச் சான்றிதழ். அதற்கடியில் நான்காக மடித்த ஒரு தாள். முழுக்க அரபு எழுத்து. ஓரத்தில் பார்வதியின் படம், கீழே பத்து விரல் ரேகை.

"என்ன பாப்பா இது?"

"அவிடெந்து, கல்ஃப்லேந்து, என்னெ விட்டப்போ தந்தது. பாஸ்போர்ட் கையில இல்லல்லோ. அதுக்குப் பதிலா அவுட்பாஸ்னு வேற ஒண்ணு தந்தாங்க, அதை ஏர்போர்ட்ல வாங்கிட்டாங்க. இது மட்டும் இருக்கு."

"விட்டாங்களா, அனுப்புனாங்களா?"

அவள் விழித்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?"

தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2.15. மசூதிச் சந்தில், பார்வதிக்குத் தெரிந்த மஜீதிக்காவின் ஜெராக்ஸ் கடை. பதினெட்டு வருடம் கல்ஃபில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, இப்போது அரபுக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். எங்களுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசினார்.

"வேலை செஞ்ச வீட்டீந்து ஓடிப்போயின்னு வீட்டுக்காரன் பராதி கொடுத்திருக்கான். அதுனால நாட்டை விட்டு அனுப்பணும்னு உத்தரவு. இது டிப்போர்ட்டேஷன் தன்னெ, அண்ணாச்சி."

"குத்தம்னு ஏதாச்சும் எழுதியிருக்குங்களா?"

"குத்தம் ஒண்ணும் இல்ல. கோர்ட்டும் இல்ல. ஆபீஸ் உத்தரவு மாத்திரம்."

"அந்த நாட்டுக்கு இனிமே போகவே முடியாதுங்களா?"

"அது இதுல எழுதல. அவங்க கம்ப்யூட்டர்தான் சொல்லணும்."

"இங்கிலாந்துக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நாடு அனுப்பிச்சா வேற நாடும் கதவடைக்கும்னு இல்ல. பக்ஷே... ஆனா அவங்க கேப்பாங்க. கேட்டா சொல்லணும். மறைச்சது தெரிஞ்சா அதுதான் பெரிய பிரஸ்னம். பத்து வருஷம் விசா கிட்டாது. ஃபாரத்துல கேட்டாங்களா?"

கேட்டிருந்தார்கள். கோப்பைத் திறந்து பார்த்தேன். 'நீங்கள் எப்போதாவது எந்த நாட்டிலிருந்தாவது நாடு கடத்தப்பட்டதுண்டா, வெளியேற்றப்பட்டதுண்டா?' அதற்கு நேரே: இல்லை.

அதை நிரப்பியவன் நான். போன மாதம் பொள்ளாச்சியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பார்வதியிடம் போனில் பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டு அடித்தேன். கடைசியில் ஆம், இல்லை என்று கட்டங்கள் வரிசையாக வந்ததும் போனை வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வாசகம் உண்டு: 'மேற்படி சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை.' விற்பவரைக் கேட்டு நாங்கள் எழுதுவதில்லை. அது பத்திரத்தில் தானாக வந்து விழும். அன்றைக்கும் கை தானாகப் போனது. இல்லை, இல்லை, இல்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன், பழியை அவள் தலையில் கொஞ்சம் இறக்கிவைக்கலாம் என்று.

"நீங்க கேக்கலையே அண்ணா" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

4.10. பேருந்தில் கலூர். கைரேகைக்கு நேரம் வாங்கிக் கொடுத்த டிராவல்ஸ்காரர் கடை. விஷயத்தைக் கேட்டதும் கையை வீசினார். "சேச்சி, பத்து வருஷம் முன்னத்தெ கதை. இப்போ புது பாஸ்போர்ட். ஆரு நோக்கும்? பின்னெ, அவுட்பாஸ்ல வந்தா அது டிப்போர்ட் அல்ல." அங்கே காத்திருந்த ஒருவர் குறுக்கிட்டு, இப்போதெல்லாம் கைரேகையை வைத்தால் ஏழு தலைமுறை வரும் என்றார். இன்னொருவர், அது அரபு நாடுகளுக்குள் மட்டும்தான் என்றார். பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த வக்கீலுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "பாகப்பிரிவினைன்னா சொல்லுவேன், இது எனக்குத் தெரியாதுங்க" என்றார். அன்று முழுக்க நான் கேட்ட ஒரே தெளிவான பேச்சு அதுதான்.

ஆனால் ஒரு சங்கதி டிராவல்ஸ்காரரே சொன்னார். கைரேகை கொடுக்கும்வரை விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாம். கொடுத்துவிட்டால் அதில் எழுதியது எழுதியதுதான். வாபஸ் வாங்கிப் புதிதாகப் போட்டால் அடுத்த நேரம் பன்னிரண்டு நாள் கழித்துக் கிடைக்கும். அதற்குப் பிறகு மூன்று வாரமோ, அதற்கு மேலுமோ. விசா கிடைத்தாலும் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது.

கலூர் பேருந்து நிலையத்தில் நின்றபடி ரம்யாவுடன் பேசினேன். "மாமா, அம்மா வந்தா மதி, அது போதும். எது செரியோ அது எழுதுங்க" என்று சொல்லி அழுதாள். எது சரி என்றுதானே அவளைக் கேட்டேன். மட்டாஞ்சேரிப் பக்கம் போகும் பள்ளுருத்திப் பேருந்து ஒன்று வந்து நின்று, நாங்கள் ஏறுவோமா என்று பார்த்துவிட்டுப் போனது.

மாலை 6.30. மட்டாஞ்சேரி வீடு. மறுபடியும் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேசினால் "விட்டுவிடு, யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று வந்துவிடுமோ என்ற பயம். தப்பு என்னுடையது, மறைத்தால் அதுவும் மறைந்துவிடும் அல்லவா? பார்வதி சாயா போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அதை வாபஸ் வாங்குங்க அண்ணா. புதுசா எழுதுங்க. ஆமான்னு எழுதுங்க."

"குழந்தை பொறக்கறப்ப நீ இருக்க முடியாது, பாப்பா."

"தெரியும்."

ரம்யா விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வாபஸ் வாங்கினேன். புது விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு வந்தபோது இந்த முறை அவளிடம் வாய்விட்டு வாசித்தேன். 'ஆம்' என்றாள். அழுத்தினேன். உடனே கீழே ஒரு காலிக் கட்டம் திறந்தது: காரணத்தையும் விவரத்தையும் எழுதுக.

"அந்த வீட்டை விட்டு எதுக்குப் போனே?" என்று கேட்டேன். கட்டத்தை நிரப்பத்தான் கேட்டேன்.

"நீங்க போன் பண்ணீங்கல்ல, அவர் போயிட்டாருன்னு. அன்னிக்கு மேடத்துகிட்ட கால்ல விழுந்து கேட்டேன். பாஸ்போர்ட் தரல, பூட்டி வெச்சிட்டாங்க. காண்ட்ராக்ட் தீரலேன்னு சொன்னாங்க. போனும் வாங்கிட்டாங்க. மூணாம் நாள் குப்பை களைய வெளியே விட்டப்போ அப்படியே நடந்தேன். எம்பஸி எவிடேன்னு போலீஸ்காரன்கிட்டயே போய்க் கேட்டேன். பிடிச்சு உள்ளே போட்டாங்க. பத்தொம்பது நாள். அவிடெ சுவத்துல கோடு போட்டு, இன்னிக்குப் பத்து, இன்னிக்குப் பதினாறுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்."

தட்டச்சை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"வந்து இறங்கினதும் நீங்க ஒண்ணு சொன்னீங்கல்லோ. அதுக்கப்புறம் என்ன சொல்ல?" என்றாள். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டினாள். "பத்து வருஷத்துல என்னெ யாரும் இதைக் கேக்கல. இதுதான் முதல்ல கேட்டது. அதுகிட்ட எப்படிப் பொய் சொல்ல?"

நான் அழுதேன். அறுபத்திரண்டு வயதில், சாயா ஆறிக்கொண்டிருக்க, அழுதேன். அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை; தனித்தாளில் தொடர்ந்தேன்.

மறுநாள் காலை 7.15. ஃபோர்ட் கொச்சி படகுத்துறை வரை வந்து வழியனுப்பினாள். "எர்ணாகுளம் படகு எதுன்னு கேட்டு ஏறுங்க" என்று கேலி வேறு. கேட்டுத்தான் ஏறினேன். விசா வருமா, எனக்குத் தெரியாது. அந்த உத்தரவு இங்கிலாந்தில் எவ்வளவு எடை பெறும் என்பதும் தெரியாது. மஜீதிக்கா ஒன்று சொன்னார், டிராவல்ஸ்காரர் வேறொன்று சொன்னார். போனபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடுதான் திரும்பினேன். குழந்தை பிறக்கும் அன்று பார்வதி இந்தக் கரையில்தான் இருப்பாள் என்பது மட்டும் நிச்சயம்.

பிற்பகல் 2.30, பொள்ளாச்சி. என் மேசையில் ஒரு கிரயப் பத்திரம் காத்திருந்தது. விற்பவர், காய்ப்பு நின்றுபோன தென்னந்தோப்பைக் கொடுக்க வந்த ஒரு பெரியவர், ஓரமாக நின்றிருந்தார். வழக்கமான வாசகத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, இதுல வில்லங்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

பெரியவர், சொல்ல ஏதோ இருப்பவர்போல, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.