செம்பிடம் சொல்லாத மூன்று மில்லிமீட்டர்

நான் ரிமோட்டில் படகு ஓட்டுகிறவன். முழங்கை நீளப் படகு, பேட்டரி மோட்டார். இரண்டு மோட்டார்களைப் புகைத்துவிட்டேன். மூன்றாவதும் போனால் படகைப் பரணில் போட்டுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு அது உயிர் போகிற விஷயம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மோட்டாரை அன்னவாசலில் மாமனார் வீட்டில் வைத்துப் பொருத்தினேன். மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோவது வளைகிற ஒரு கேபிள். அதன் ஒரு நுனியை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் கவ்விக்கொள்ளும். மறுநுனியில் புரொப்பல்லரின் தள்ளலைத் தாங்க ஒரு பேரிங். அந்தப் பேரிங்குக்கும் கேபிள் நுழைந்து வரும் குழாயின் வாய்க்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். ஓடும்போது கேபிள் முறுக்கேறி நீளம் குறையும். இடம் விடாவிட்டால் எல்லாம் இறுகி மோட்டார் கருகும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் அந்த இரண்டு மோட்டார்களும் செத்தன.

மனைவியின் அண்ணன் போர்வெல் மோட்டார் மெக்கானிக். கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்க மறந்தார் என்பதற்காக ஆறு வருஷமாக அவரிடம் மாப்பிள்ளை முறுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவரும் என்னிடம் நேரே பேசமாட்டார். பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துத்தான் சொல்வார். அன்றும் கேபிளை அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இருக்கே" என்றார் செம்பிடம். செம்புக்கு நான் எதற்குப் பதில் சொல்லவேண்டும்? சாப்பிடப் போய்விட்டேன்.

சாயங்காலம் குடும்பமே கண்மாய்க்கரையில் நின்றது. படகு சீறிக்கொண்டு போய், நடுத்தண்ணீரில் ஒரு முனகல் முனகி நின்றது. புகை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் கட்டியிருந்த புது வேட்டியோடு லாரி டியூபில் ஏறி, கையால் துழாவிக்கொண்டே போய், படகை மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

"மாப்ள," என்றார், ஆறு வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து. "நீங்க சாப்பிடப் போனப்ப நான்தான் கப்ளரக் கழட்டி, கேபிள இழுத்துப் புடிச்சு, அந்த ஆட்டத்த எடுத்துட்டேன். டைட்டாத்தாங்க வச்சேன். எப்புடி நின்னுச்சு?"

அவரை டியூபோடு திரும்பத் தள்ளிவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முறுக்கேறினால் கேபிள் சுருங்கும், அதற்கு இடம் விடவேண்டும் என்று விளக்கினேன். வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"இத அப்பவே செம்புகிட்டயாவது சொல்லிருக்கலாமே மாப்ள!"

மனைவி சிரித்தாளே தவிர, வாக்கை விட்டுக்கொடுக்கவில்லை. மாமனார் வீட்டுப் பரணிலேயே படகை ஏற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் மச்சான்.

"ஆட்டம் இருக்கு, பாத்து எறங்குங்க" என்றார். என்னிடமேதான் சொன்னார்.