குழாய்ப் பாலத்தில் அடைத்துக்கொண்ட என் யோசனை

பிள்ளைகளே, போன வருடம் சம்பா நடவு நேரம். நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் வாய்க்காலில் கடைசி வயல் என்னுடையது. எல்லோருக்கும் பாய்ந்தது போக மிச்சம் இருந்தால்தான் எனக்குத் தண்ணீர். அதுவும் முறை வைத்து ஐந்தே நாள் விடுவார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியிருந்தது. அந்த முறையைத் தவறவிட்டால் அதை மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும்.

அதே வாரம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. புதியவை கண்டுபிடித்தவர்களிடம் தலைமைப் பண்பைக் கற்றுக்கொள்வது பற்றிப் பேச வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். இருந்தாலும் அவளுக்கு உதவலாமே என்று செல்போனில் வீடியோ வீடியோவாகக் கேட்டேன். ஊர் செய்வதையே நீயும் செய்யாதே, நாலு பேர் சிரித்தாலும் பின்வாங்காதே என்று எல்லாவற்றிலும் சொன்னார்கள். மகள் நாலு வரி எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் அது தலைக்கேறிவிட்டது.

வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. வருடா வருடம் எல்லோரும் சேர்ந்து கடைசி வயலில் தொடங்கி, இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டே மேலே போவோம். இரண்டு நாள் இடுப்பு நிமிராது. இந்தத் தடவை நான் கரைமேல் ஏறி நின்று புது வழி சொன்னேன். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் தொடங்குவோம், அறுத்து மட்டும் விடுவோம், வருகிற தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போய் வடிகாலில் விட்டுவிடும்.

நடவுக்கு ஆள் சேர்த்து வரும் பெண் ஒருவர் அந்த வழியாகப் போனார். என்னைவிட வயதில் சின்னவர். நின்று கேட்டுவிட்டு, “ஏண்ணே, அந்தக் குழாய்ப் பாலத்துல இது நொழையுமா?” என்றார். வண்டிப் பாதைக்கு அடியில் ஒற்றைக் குழாய் வழியாகத் தண்ணீர் போகும் இடத்தைச் சொன்னார்.

“புதுசா ஒண்ணு சொன்னா நாலு பேரு இப்படித்தான் கேப்பாங்க, தங்கச்சி” என்றேன். வீடியோவில் கேட்டதுதான்.

வேலை பாதியாகும் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். நான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. தலைவன் இல்லையா? கரையில் நடந்துகொண்டே, அங்கே அறு, இங்கே அறு என்றேன். நடுவில் நான் கரையில் நிற்பதை ஒரு போட்டோவும் எடுக்கச் சொல்லி, எங்கள் வாய்க்கால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தன் வயலில் தண்ணீர் ஏற ஏற, ஒவ்வொருவராகக் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசி வயலில் தொடங்கினால், தலைமடை வரை முடிக்காமல் யார் வயலுக்கும் தண்ணீர் வராது, யாரும் பாதியில் போகவும் முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதியம் என் வயலுக்கு மேலே இருக்கும் குழாய்ப் பாலத்தில் அத்தனை தாமரையும் வந்து சுவர் மாதிரி அடைத்துக்கொண்டது. என் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேல் பக்கம் கரை வழிந்தது. பக்கத்து வயல்காரர், “யோவ், என் நாத்து மெதக்குது, வந்து பாருய்யா” என்று கத்தினார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒருவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஒருவர் காரைக்காலுக்கு பஸ் ஏறிவிட்டார். இன்னொருவர், “நீதானய்யா தண்ணியே தள்ளிரும்ன? தண்ணிகிட்டயே சொல்லு” என்று வைத்துவிட்டார். அவர்கள்மேல் எரிச்சல், வீடியோக்காரர்கள்மேல் எரிச்சல், எல்லாவற்றையும்விட என்மேல். தனியாக இறங்கிக் குழாய் வாயில் இழுத்தேன். ஒன்றை இழுத்தால் இரண்டு வந்து மோதின.

சாயங்காலம், குழாய்ப் பாலத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் நடவு முடிந்து ஆறு பேரோடு திரும்பி வந்தார். பார்த்தார். சேலையைச் செருகிக்கொண்டு முதலில் அவரே இறங்கினார்.

“வாயையே நோண்டாதீங்கண்ணே. மேலேருந்து வர்றத மொதல்ல நிறுத்தணும்” என்று, இரண்டு மூங்கிலை வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டச் சொன்னார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, “யாருக்குக் கையில காயம் இருக்கு? நீ கரையில நின்னு வாங்கிப் போடு” என்றார். மற்றவர்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் குழாய் இரைந்துகொண்டு தண்ணீரைக் கக்கியது.

வீட்டுக்குப் போகிற நேரத்தில் எதற்கம்மா இந்தக் கஷ்டம் என்று கேட்டேன்.

“நாளான்னைக்கி ஒங்க வயல்ல நாங்கதானே எறங்கணும்? தண்ணி வரலன்னா எங்களுக்கு ஏது வேல?” என்றவர், போகும்போது திரும்பி, “குரூப்புல போட்டோ பாத்தேன். வேட்டி மட்டும் நல்ல வெள்ளையா இருந்துச்சு” என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள்.

பிள்ளைகளே, கண்டுபிடித்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் அவர்கள் பேசியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் வேலையில் கை வைத்துத் தோற்றுத் தோற்றுப் பார்த்ததை விட்டுவிட்டேன். அந்தப் போட்டோவை இன்னும் அழிக்கவில்லை. புதிதாக எனக்கு ஒரு யோசனை வந்தால், அந்த வெள்ளை வேட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீரில் இறங்கப் போகிறவர்களிடம்தான் முதலில் போய்க் கேட்கிறேன்.