துண்டுக்கடியில் கடவுச்சொல்

லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருக்கிறது. என் முதுகலை ஆய்வேட்டை அதில்தான் எழுதினேன். எழுத உட்கார்ந்தேன் என்பதே சரி. ஒரு மேற்கோளைச் சரிபார்க்க இணையத்தைத் திறப்பேன். சுயநினைவு வரும்போது, முன்பின் அறியாத ஒருத்தி தன் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் டப்பாக்களை எல்லாம் அடுக்கி முடித்திருப்பாள். என் பத்தி பாதியில் நிற்கும்.

முதலில் ஸ்மார்ட்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பட்டன் போனுக்கு மாறினேன். பிறகு, காணொளித் தளங்கள் அனைத்தையும் தடுக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவினேன். அதற்கொரு கடவுச்சொல் வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தால் தடுப்பு ஒரு பொழுதுகூடத் தாங்காது. ஆகவே அண்ணனை அழைத்தேன்.

"நீயே போட்டுடுண்ணா. எங்கிட்ட சொல்லாத."

"ஏன்டி, உள்ள ஒக்காந்துகிட்டு வெளியில பூட்டிட்டுப் போகச் சொல்றியா?" என்று சிரித்தான். அவன் தட்டும்போது நானே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆய்வேடு உரிய நாளில் முடிந்தது. ஒப்படைத்த அன்று மாலையே தடுப்பை நீக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன்.

"இப்ப என்னா அவசரம்? நல்லாத்தானே போவுது?"

"அதான் படிப்பு முடிஞ்சிடுச்சில்ல, இனிமே ஒனக்கு நெட்டு எதுக்கு?" என்றார் அம்மா. என்னுடைய ஸ்மார்ட்போனில் சீரியல் பார்த்தபடிதான் இதைக் கேட்டார்.

சில நாட்களில் வில்லியனூரிலிருந்து ஒரு பையனின் தாயார் என்னைப் பெண் பார்க்க வந்தார். நான் காபித் தட்டுடன் நின்றிருக்க, அம்மா அவரிடம் சொன்னார்: "எங்க பொண்ணு தானாவே வந்து அவங்கண்ணங்கிட்ட நெட்டப் பூட்டச் சொல்லுச்சுங்க. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு சொல்லும்?"

வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாம்மா?"

"ஆமாங்க."

வேறு என்ன சொல்ல முடியும்? அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் காரணத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்திருந்தார்.

"என் பையன் கேட்டா ரொம்ப சந்தோசப்படுவான்" என்றபடி அவர் காபியை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்காணலுக்கு என்னை அழைத்தது. காணொளி வழியாக நடக்கும் நேர்காணல். அந்தத் தளமும் நான் போட்ட தடுப்புக்குள்தான் இருந்தது.

அண்ணன் வெகுநேரம் யோசித்தான். "தொறந்து வுடறேன். ஆனா நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்."

கேமராவில் விழாத அளவுக்கு நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தான். கேள்விகள் என் ஆய்வேட்டைப் பற்றியே இருந்தன. தடுமாறாமல் பதில் சொன்னேன். கடைசியாக ஒரு பேராசிரியை கேட்டார்: "விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். வீட்டில் அனுப்புவார்களா?"

திரைக்கு அப்பால் அண்ணன் என்னைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தான்.

"நான் வந்துவிடுவேன், மேடம்" என்றேன்.

முடிவை மின்னஞ்சலில் தெரிவிப்பதாகச் சொல்லி அவர்கள் விடைபெற்றார்கள். அண்ணன் என்னை எழச் சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்தான். தடுப்பு மென்பொருளைத் திறந்து, காணொளித் தளங்களோடு மின்னஞ்சலையும் சேர்த்தான். கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டம் திரையில் வந்தது.

"திரும்பிக்க."

நான் திரும்பவில்லை.

"சொல்றன் இல்ல? திரும்புடி."

"நீ போடுண்ணா. நான் பாக்கறேன்."

சற்று நேரம் அவன் விரல்கள் அந்தரத்தில் நின்றன. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, விசைப்பலகையையும் தன் இரு கைகளையும் சேர்த்து மூடிக்கொண்டான். துணிக்கடியில் எதுவோ ஊர்வதுபோல் அவன் விரல்கள் அசைந்தன. நான் நின்ற இடத்திலிருந்து நகராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.